விலக்குப் பட்டியல் ஒன்று, வாசிப்பு ஆளுக்கொன்று

நம் இணையக் கோரிக்கைகளை இடையில் நின்று அனுப்பும் சேவையகம் ப்ராக்ஸி. அதைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பைப் பிஏசி (PAC) கோப்பிடம் விடலாமா, நிரல்கள் படித்துக்கொள்ளும் அமைப்புகளான சூழல் மாறிகளே போதுமா என்று நண்பர் கேட்டார். இரண்டோடும் பல ஆண்டுகளாகக் குடித்தனம் நடத்துகிறவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

1996-இல் நெட்ஸ்கேப் நேவிகேட்டர் 2.0-உடன் வந்தது பிஏசி. ஜாவாஸ்கிரிப்ட்டில் ஒரே ஒரு செயற்கூறு. உலாவி முகவரியைக் கொடுத்தால், எந்த ப்ராக்ஸி வழியே போகலாம் என்று சொல்லும். அந்த விடையைப் பட்டியலாகவும் தரலாம் என்பதுதான் எனக்குப் பிடித்தது: முதல் ப்ராக்ஸி, அது படுத்துவிட்டால் இரண்டாவது, அதுவும் இல்லையென்றால் நேரடி இணைப்பு. பராமரிப்புக்காக முதல் ப்ராக்ஸியை நிறுத்தியபோது உலாவியில் வேலை பார்த்த யாருக்கும் அது தெரியவே இல்லை.

டெர்மினலைத் திறந்தால் இந்தச் சுகமெல்லாம் போயிற்று. கட்டளை வரியிலிருந்து இணையக் கோரிக்கை அனுப்பும் கர்ல் (curl) பிஏசியைப் படிக்காது. அதே விதிகளைச் சூழல் மாறிகளில் மறுபடி எழுத வேண்டும். ப்ராக்ஸியின் முகவரியைத் தாங்கும் எச்டிடிபி_ப்ராக்ஸி (http_proxy) மாறியைச் சிறிய எழுத்தில் மட்டுமே அது ஏற்பதை மன்னித்துவிடலாம். வலைச் சேவையகம் நிரல்களை இயக்கும் சிஜிஐ சூழலில் வெளியாள் அனுப்பும் தலைப்பு வரி அதே பெயரில் பெரிய எழுத்து மாறியாக நுழைந்துவிடும், காரணம் நியாயமானது.

வயிற்றெரிச்சல் நோ_ப்ராக்ஸி (no_proxy) மாறியில்தான். எந்த முகவரிகளுக்கு ப்ராக்ஸி வேண்டாம் என்று சொல்லும் இந்தப் பட்டியலுக்குப் பொதுத் தரநிலை கிடையாது. 10.0.0.0/8 என்று ஒரு முகவரி வரம்பை எழுதினால் கோ மொழி நிரல்களுக்குப் புரியும். கர்லுக்கோ 2022-இல் வந்த 7.86.0 பதிப்பிலிருந்துதான் புரிகிறது. பைத்தான் மொழியின் யுஆர்எல்லிப் (urllib) நூலகம் அதை வெறும் எழுத்துச்சரமாக ஒப்பிட்டுவிட்டு நகர்ந்துவிடும். ஜாவா இந்த மாறியையே ஏறிட்டுப் பார்க்காது. அதற்கென்று தனி அமைப்பு, அதிலும் காற்புள்ளிக்குப் பதில் செங்குத்துக் கோடு, துணை டொமைன்களுக்கு நட்சத்திரக் குறி. அதே நட்சத்திரத்தைப் பெயருக்கு முன்னால் ஒட்டிக் கர்லிடம் கொடுத்தால் பொருந்தாது. உள் சேவையகத்துக்கான கோரிக்கை ப்ராக்ஸியிடம் போய் 504 என்ற, பதில் வரவில்லை எனும் பிழையோடு திரும்பும். எல்லோரும் சேவையகத்தைச் சந்தேகிப்பார்கள். 407 வந்தால் கும்பிடத் தோன்றும். ப்ராக்ஸிதான் கடவுச்சொல் கேட்கிறது என்று அதுவாவது ஒப்புக்கொள்கிறது.

இவ்வளவு திட்டியும் நண்பருக்குச் சூழல் மாறிகளைத்தான் பரிந்துரைத்தேன். அவர் நாள் முழுக்க டெர்மினலில் இருப்பவர். பிஏசியின் அழகு அவர் கண்ணில் படப்போவதில்லை. விலக்குப் பட்டியலில் நட்சத்திரமோ முன்புள்ளியோ இல்லாமல் வெறும் டொமைன் பெயரை மட்டும் எழுதச் சொன்னேன். கர்ல், கோ, யுஆர்எல்லிப் மூன்றும் அதைத் துணை டொமைன்களோடு சேர்த்தே எடுத்துக்கொள்கின்றன. ஜாவாவைப் பற்றிப் பேச இன்று எனக்கு மனமில்லை.