மிசூரி நீராவிப் படகு மர மாடல்: வாங்கலாம், ஆனால் முக்கியமான இரண்டு கழிகள் இல்லை

பாளையங்கோட்டையில் ஒரு பொம்மைக் கடையில் வாங்கிய கிட் இது. 1870-களில் அமெரிக்காவின் மிசூரி ஆற்றில் ஓடிய மாதிரியான படகு. மெல்லிய ப்ளைவுட்டில் லேசரால் வெட்டிய துண்டுகளைப் பிரித்து ஒட்ட வேண்டியதுதான், விலை ஆயிரத்துச் சொச்சம். வெட்டு சுத்தமாக இருக்கிறது, எங்கும் பிசிறு இல்லை.

எனக்கு ரொம்பப் பிடித்தது அதன் தட்டையான அடிப்பகுதி. அந்தக் காலத்தில் அங்கே ஓடிய ஃபார் வெஸ்ட் என்ற படகு 190 அடி நீளம், ஆனால் சரக்கு ஏற்றாதபோது மிதக்க 20 அங்குலத் தண்ணீர் போதும்! கோடையில் தாமிரபரணியை முழங்கால் நனைய நடந்தே கடக்கிற நமக்கு அது எவ்வளவு குறைவு என்று சொல்லாமலே விளங்கும். துடுப்புச் சக்கரத்தையும் சரியாகப் பின்புறம் வைத்திருக்கிறார்கள், ஆற்றில் விழுந்து கிடக்கும் மரங்கள் பக்கவாட்டில் இடித்தாலும் சக்கரம் தப்பிக்கும்.

ஆனால் முன்பக்கம் இருக்க வேண்டிய இரண்டு நீளக் கழிகளை விட்டுவிட்டார்கள். மணல்திட்டில் படகு சிக்கினால் அந்தக் கழிகளை ஆற்றின் அடியில் ஊன்றி, நீராவியால் சுழலும் உருளையில் வடத்தைச் சுற்றி இழுத்தால், முன்பக்கம் மேலே எழும்பும், அந்த நேரத்தில் சக்கரம் பின்னாலிருந்து தள்ளும், கொஞ்ச தூரம் நகர்ந்ததும் மறுபடி ஊன்ற வேண்டும், கக்கத்தில் கட்டை கொடுத்து நடப்பவர் மாதிரி. அந்தக் காலத்தில் மிசூரியில் இது இல்லாமல் மேலே போவது பெரும்பாடு. நான் தென்னை ஈர்க்கை நறுக்கி, தையல் நூலைக் கட்டி ஒட்டிவிட்டேன், இப்போதுதான் அது அந்த ஆற்றுப் படகாகத் தெரிகிறது.

கூடவே வரும் சிறு புத்தகத்தில் 1876-இல் அமெரிக்கப் படைக்கும் பூர்வகுடிகளுக்கும் நடந்த லிட்டில் பிக்ஹார்ன் சண்டையில் காயம்பட்ட படைவீரர்களை ஃபார் வெஸ்ட் படகின் கேப்டன் கிராண்ட் மார்ஷ் பிஸ்மார்க் நகரத்துக்குக் கொண்டுவந்த கதை நன்றாக இருக்கிறது. படகின் தளத்தில் புல்லை வெட்டிப் பரப்பி, அதன்மேல் தார்ப்பாய் விரித்துப் படுக்க வைத்து, 710 மைலை 54 மணி நேரத்தில் கடந்தார்கள். ஆனால் அதே புத்தகம் 1837-ஐப் பற்றி ஒரு வரிகூடப் பேசவில்லை. அந்த ஆண்டு செயின்ட் பீட்டர்ஸ் என்ற நீராவிப் படகோடு வந்த பெரியம்மை, கரையோரம் மக்காச்சோளம் விளைவித்து வாழ்ந்த மாண்டன் என்ற பூர்வகுடி மக்களைக் கிட்டத்தட்ட துடைத்தே எடுத்துவிட்டது. படகு கொண்டுவந்த சரக்கைப் பற்றி நாலு பக்கம் எழுதிவிட்டு இதை விட்டது சரியில்லை. பிள்ளைகளுக்கு வாங்கித் தருபவர்கள் இதை நீங்களே சொல்லிக் கொடுங்கள்.

அப்புறம், அம்பை, தென்காசிப் பக்கம் இருப்பவர்கள் சாரல் சமயத்தில் இதை ஆரம்பிக்க வேண்டாம், ஈரக் காற்றில் ப்ளைவுட் வளைகிறது. பசை தனியாக வாங்க வேண்டும். சக்கரத்தை ஒட்டுவதற்கு முன்னால் அச்சில் தடையில்லாமல் சுற்றுகிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், இறுக்கமாக இருந்தால் துளையை உப்புத்தாளால் லேசாகத் தேய்த்தால் போதும்.