எலிசபெத் கேஸ்கெலின் சிறுகதைகள்: விரிவுரை கேட்பதா, வட்டத்தில் பேசுவதா, ஒலிப்பதிவு போதுமா?

19ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்தாளர் எலிசபெத் கேஸ்கெல் என்றதும் பலருக்கு 'நார்த் அண்ட் சவுத்' நாவல்தான் நினைவுக்கு வரும். 2004இல் பிபிசி அதைத் தொடராக எடுத்தபின் அந்தப் பெயர் இன்னும் பரவியது. ஆனால் 1847 தொடங்கி 1865இல் இறக்கும் காலம்வரை அவர் பத்திரிகைகளுக்கு எழுதிய சிறுகதைகள் ஒரு தனி உலகம். பேய்க்கதை, குற்றக்கதை, மான்செஸ்டர் ஆலைத் தொழிலாளர் வீட்டுக் கதை என்று எல்லாம் அதில் உண்டு. பெருந்தொற்றுக் காலத்தில் இலக்கியக் கூட்டங்கள் ஜூமுக்கு வந்ததிலிருந்து, இந்தக் கதைகளைப் பற்றிய பேச்சை நம் வீட்டிலிருந்தே கேட்க முடிகிறது.

கிடைப்பவற்றை மூன்று வகையாகப் பிரிக்கலாம். ஆய்வாளர் ஒருவர் ஸ்லைடு போட்டு ஒரு மணி நேரம் பேசும் நேரலை விரிவுரை, எல்லோரும் கதையைப் படித்துவிட்டு வந்து பேசும் வாசகர் வட்டம், நமக்கு வசதியான நேரத்தில் கேட்கும் பதிவு (பேச்சின் பதிவோ, கதையையே வாசித்த ஒலிப்பதிவோ). எது நல்லது என்று என்னைக் கேட்டால், எந்தக் கதைக்கு என்று திருப்பிக் கேட்பேன்.

'லோயிஸ் த விட்ச்' கதைக்கு விரிவுரைதான், சந்தேகமே இல்லை. 1859இல் நாவலாசிரியர் சார்ல்ஸ் டிக்கன்ஸ் நடத்திய 'ஆல் த இயர் ரவுண்ட்' இதழில் வந்த கதை. பெற்றோரை இழந்த ஆங்கிலேயப் பெண் லோயிஸ், மாமா வீட்டை நம்பி அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறுகிறாள். போய்ச் சேரும் ஊர் சேலம். 1692இல் சூனியக்காரிகள் என்று குற்றம் சாட்டி 19 பேரைத் தூக்கிலிட்ட அதே ஊர். கேஸ்கெல் அமெரிக்கா போனதே இல்லை. சார்ல்ஸ் உப்பம் என்பவர் 1831இல் வெளியிட்ட சூனிய விசாரணைச் சொற்பொழிவுகளை வைத்துக்கொண்டு எழுதினார். உப்பம் சேலத்தில் யூனிடேரியன் என்ற கிறிஸ்தவப் பிரிவின் போதகர். கேஸ்கெலின் கணவர் வில்லியமும் மான்செஸ்டரில் அதே பிரிவின் போதகர். அச்சத்தில் ஒரு சபையே புத்தி பிசகுவதை உள்ளிருந்து பார்க்கும் கோணம் இந்தக் கதைக்கு எப்படி வந்தது என்பதற்கு இதில் பாதி விடை இருக்கிறது. இதையெல்லாம் நாமாகத் தேடிக் கோக்க நாளாகும்.

இன்னொன்று. கதையின் முடிவில், தீர்ப்பு சொன்ன ஜூரிகள் பின்னாளில் வருந்தி எழுதிய அறிக்கை வருகிறது. வெறுமனே படிப்பவர் அதைக் கதையின் வால் என்று தாண்டிவிடுவார். அது நிஜ ஆவணம் என்று விவரம் தெரிந்த ஒருவர் சொன்னதும் முழுக் கதையின் கனமும் மாறுகிறது. லோயிஸின் சொந்த ஊராக வரும் பார்ஃபர்ட், கேஸ்கெல் சிறுமியாக விடுதிப் பள்ளியில் படித்த ஊர். 1847இல் முதல் கதைகளை அனுப்பியபோது அவர் வைத்துக்கொண்ட புனைபெயர் 'காட்டன் மாதர் மில்ஸ்'. காட்டன் மாதர், சேலம் விவகாரத்தோடு சேர்த்தே பேசப்படும் போதகர். இந்தக் கதையிலும் வருகிறார். இப்படி ஒவ்வொன்றாக எடுத்து வைப்பதில்தான் நல்ல விரிவுரையாளரின் அருமை தெரியும்.

அதே விரிவுரை 'த ஓல்ட் நர்ஸஸ் ஸ்டோரி'யைக் கெடுத்துவிடும். கெடுத்தே தீரும் என்றுகூடச் சொல்வேன். 1852 கிறிஸ்துமஸுக்கு டிக்கன்ஸின் 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' போட்ட சிறப்பிதழில் வந்த பேய்க்கதை இது. நார்தம்பர்லாந்துப் பழைய மாளிகை, உள்ளே உடைந்து கிடந்தும் புயல் இரவுகளில் தானே வாசிக்கும் ஆர்கன், பனியில் நின்று உள்ளே வரச் சொல்லிக் கெஞ்சும் ஒரு குழந்தை. முடிவை மாற்றச் சொல்லி டிக்கன்ஸ் வற்புறுத்த, கேஸ்கெல் மறுத்தது இலக்கிய வரலாற்றில் பிரசித்தம். விரிவுரையாளர்களுக்கு இந்தச் சம்பவம் வெல்லக்கட்டி. முதல் பத்து நிமிடத்திலேயே முடிவு வெளியே வந்துவிடும். கடைசிக் காட்சியில் யார் யார் கண்ணுக்குப் பேய் தெரிய வேண்டும் என்பதுதான் தகராறு. அதற்கு மேல் நான் சொல்ல மாட்டேன்.

இதற்கு ஒலிப்பதிவுதான். அந்தச் சிறப்பிதழின் ஏற்பாடே, நெருப்பைச் சுற்றி உட்கார்ந்தவர்கள் ஆளுக்கொரு கதை சொல்வது. ஹெஸ்டர் என்ற வயதான தாதி, தான் வளர்த்தவளின் பிள்ளைகளுக்குச் சொல்வதாகவே வாக்கியங்கள் ஓடுகின்றன. காதால் கேட்கும்போது அவை தம் இடத்துக்கு வந்து சேர்கின்றன. லிப்ரிவாக்ஸ் என்ற ஒலிநூல் தளத்தில் தன்னார்வலர்கள் வாசித்த பதிவு இலவசம். சுமார் ஒரு மணி நேரம் வரும். வாசிப்பின் தரம் ஆளுக்கு ஆள் மாறும், அதனால் முதலில் இரண்டு நிமிடம் கேட்டுப் பாருங்கள். கதை தெரிந்தபின் டிக்கன்ஸ் சண்டையைப் பற்றிய உரையைக் கேட்டால் இரட்டை லாபம்.

வாசகர் வட்டத்தின் பலம் 'லிஸ்ஸி லீ' மாதிரிக் கதைகளில் தெரியும். 1850 மார்ச் 30 அன்று வந்த 'ஹவுஸ்ஹோல்ட் வேர்ட்ஸ்' முதல் இதழிலேயே தொடங்கிய கதை. இதழில் கதை எழுதியவர் பெயர் போடும் வழக்கம் இல்லாததால், அமெரிக்காவில் இதை டிக்கன்ஸ் கதை என்றே மறுபதிப்புச் செய்தார்கள். மணமாகாமல் தாயாகிக் காணாமல் போன மகளை, கணவன் இறந்தபின் மான்செஸ்டர் தெருக்களில் தேடும் தாயின் கதை. மகள் கிடைக்கிறாள். ஆனால் அவளுடைய குழந்தை சாகிறது, அவளும் ஊர் கண்ணில் படாத ஒரு குடிசையில் மீதி வாழ்க்கையைக் கழிக்கிறாள். கேஸ்கெல் அவளை மன்னித்தாரா, தண்டித்தாரா? ஒருவர் உட்கார்ந்து தீர்த்துவைக்கும் கேள்வியா இது! பத்துப் பேர் பத்து விதமாகச் சொல்லி, யாரோ ஒருவர் மியூட்டை எடுக்க மறந்து பேசி, நடுவில் சூடு பிடித்தால்தான் கதை திறக்கும். விரிவுரையில் இதற்குக் கடைசிப் பத்து நிமிடக் கேள்வி நேரம்தான் கிடைக்கும். அதையும் கேள்வி என்ற பெயரில் யாராவது இன்னொரு உரையாற்றிக் காலி செய்துவிடுவார்.

வட்டத்துக்கும் குறை உண்டு. படிக்காமல் வருபவர்கள் பேச்சைச் சொந்த அனுபவத்துக்கு இழுத்துப் போவார்கள். நடத்துபவர் கொஞ்சம் கறாராக இல்லையென்றால் நேரம் வீண்தான்.

அப்புறம், நேரப் பிரச்சினை. இங்கிலாந்தில் மாலை 7 மணிக் கூட்டம் என்றால் கோடையில் நமக்கு இரவு 11:30, குளிர்காலத்தில் நள்ளிரவு தாண்டி 12:30. கேஸ்கெல் சங்கமோ (1985 முதல் இயங்குகிறது), மான்செஸ்டர் பிளிமத் குரோவில் 2014இல் புதுப்பித்துத் திறக்கப்பட்ட அவருடைய வீடோ அறிவிக்கும் நிகழ்ச்சிகளில் சேர நினைத்தால் இந்தக் கணக்கை முதலில் போட்டுவிடுங்கள். விரிவுரை என்றால் பதிவு பின்னர் கிடைக்குமா என்று பார்த்துப் பணம் கட்டலாம், பதிவில் பெரிய இழப்பு இல்லை. வட்டத்துக்கு மட்டும் விழித்திருக்கத்தான் வேண்டும். பிறர் விவாதித்ததைப் பதிவில் கேட்பது சலிப்பான வேலை.

ஒன்றே ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் என் ஓட்டு வட்டத்துக்கு. கதைகள் எல்லாம் பிராஜெக்ட் குட்டன்பர்க் என்ற மின்னூல் தளத்தில் இலவசமாக இருக்கின்றன, படித்துவிட்டுப் போவதற்குச் செலவில்லை. வட்டத்தில் கதையைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு உங்களுக்கு வந்தால் 1858இல் வந்த 'த மான்செஸ்டர் மேரேஜ்' என்று சொல்லுங்கள். கடலில் இறந்துவிட்டதாக நினைத்த முதல் கணவன், மனைவி மறுமணம் செய்துகொண்ட வீட்டின் கதவைத் தட்டுகிறான். கதவைத் திறப்பவள் வேலைக்காரி நோரா. அவள் செய்தது சரியா என்ற ஒரு கேள்வியே முழுக் கூட்டத்துக்கும் தாங்கும்.