பட்டியல், அட்டை, நிகண்டு, கதை: ஆங்கிலச் சொல் சேர்க்க எது உதவும்?

ஒருவர் நடந்து வந்தார் என்பதைத் தமிழில் சொல்ல நமக்கு எத்தனையோ வழி. உலாத்தினார், தள்ளாடினார், நொண்டினார், விறுவிறுவென்று வந்தார், பதுங்கிப் பதுங்கி வந்தார், காலைத் தேய்த்துக்கொண்டு வந்தார். அதே ஆளை ஆங்கிலத்தில் எழுதச் சொன்னால் பெரும்பாலும் 'வாக்' ஒன்றுதான் கையில் இருக்கிறது. அதற்கு 'ஸ்லோலி', 'ஃபாஸ்ட்', 'வெரி' என்று முட்டுக்கொடுத்து ஒப்பேற்றுகிறோம். ஆங்கிலத்திலும் அந்த ஆட்களுக்கெல்லாம் தனித்தனிச் சொல் உண்டு: ஸ்ட்ரோல், ஸ்டேகர், லிம்ப், ஸ்ட்ரைட், க்ரீப், ஷஃபிள். எல்லாமே அன்றாடம் புழங்குபவை. ஆனால் 'யுபிக்விடஸ்' (எங்கும் காணப்படுகிற) போன்ற கடினச் சொல் தெரிந்த பலருக்கு 'ஷஃபிள்' என்றால் சீட்டு கலைப்பது மட்டும்தான்.

இந்த மாதிரி உயிருள்ள சாதாரணச் சொற்களைச் சேர்க்க என்ன வழி? நான் பல வருடமாக மாற்றி மாற்றிச் செய்து பார்த்தவற்றை இங்கே எதிரெதிரே வைக்கிறேன்.

முதலில் பட்டியல். போட்டித் தேர்வுக்கான அகர வரிசைப் பட்டியலை இந்த வேலைக்கு நம்பாதீர்கள். அது வேறு தேவைக்குத் தயாரானது. அதில் 'நட்ஜ்' (முழங்கையால் இடிப்பது), 'ஃபிட்ஜெட்' (நிலைகொள்ளாமல் அசைவது) போன்றவை அபூர்வமாகத்தான் தலைகாட்டும். புழக்க அடிப்படையில் அமைந்த பட்டியல் வேறு ஜாதி. மைக்கேல் வெஸ்ட் 1953-இல் வெளியிட்ட பொதுச்சொல் பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள். பிறகு வந்த 'ஆக்ஸ்ஃபோர்டு 3000' போன்றவையும் இதே வகைதான். மனப்பாடம் செய்ய வேண்டாம். விரலை ஓட்டிப் பார்த்து, எங்கே ஓட்டை இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம். ஒரு மாலை நேரம் போதும், அப்புறம் மூடி வைத்துவிடலாம்.

தினம் ஒரு சொல் அனுப்பும் செயலிகள் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. காலையில் பார்த்து ரசித்துவிட்டு மாலையில் மறந்துபோகிற சங்கதி.

அடுத்தது அட்டை: ஒரு பக்கம் சொல், மறுபக்கம் பொருள் எழுதி, நம்மை நாமே சோதித்துக்கொள்வது. எர்மன் எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் பொருளற்ற அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறது என்று அளந்து 1885-இல் வெளியிட்டார். மறக்கப்போகும் நேரத்தில் மறுபடி பார்த்தால் நினைவு நீடிக்கும் என்ற எண்ணத்தை 1970-களில் செபாஸ்டியன் லைட்னர் இந்த அட்டைகளை அடுக்கிவைக்கும் பெட்டி முறையாக்கினார். 2006-இல் வந்த 'அங்கி' மென்பொருள் அதையே கணினியில் செய்கிறது. நினைவில் நிறுத்துவது மட்டும்தான் போட்டி என்றால் அட்டையை அடித்துக்கொள்ள வேறு எதுவும் இல்லை.

சிக்கல், அட்டையில் நாம் என்ன எழுதுகிறோம் என்பதில் இருக்கிறது. நான் முதலில் எழுதியவை இப்படி: மம்பிள் – முணுமுணுத்தல். மட்டர் – முணுமுணுத்தல். க்ரம்பிள் – முணுமுணுத்தல். மூன்றுக்கும் சரியான விடை சொல்லி நாள்தோறும் முழு மதிப்பெண் வாங்கினேன், எழுத உட்கார்ந்தால் எதைப் போடுவது என்று தெரியவில்லை. மம்பிள் என்பது வாய்க்குள்ளேயே மென்று விழுங்கும் பேச்சு; எதிரில் இருப்பவருக்கு விளங்காது. மட்டர் பெரும்பாலும் எரிச்சலில், தனக்குத்தானே, தணிந்த குரலில் சொல்வது. க்ரம்பிளில் குரல் தணிந்திருக்க வேண்டிய கட்டாயமே இல்லை, குறைப்படுவதுதான் முக்கியம். பின்னால் பெரும்பாலும் 'அபவுட்' வரும். இப்போது அட்டையின் முன்பக்கம் ஒரு வாக்கியம் எழுதி, சொல் வரும் இடத்தைக் காலியாக விடுகிறேன். அட்டை தயாரிக்க மூன்று மடங்கு நேரமாகிறது. ஆனால் சொல் கைக்கு வருகிறது.

மூன்றாவது, நிகண்டு. 'தெசாரஸ்' என்பதை நான் அப்படித்தான் சொல்வேன். பீட்டர் மார்க் ரோஜே என்ற மருத்துவர் தன் சொந்த உபயோகத்துக்காக 1805-இல் தொகுத்ததை வளர்த்து 1852-இல் வெளியிட்டார். அகர வரிசையில் போகாமல் பொருள் வாரியாகச் சொற்களைக் கூட்டிவைத்தார். நம் திவாகரமும் பிங்கலமும் தெய்வப் பெயர், மக்கட்பெயர் என்று தொகுதி பிரித்துச் சொன்னதும் ஏறக்குறைய அந்த முறைதான். நிகண்டு படித்தவருக்கு ஒரு பொருளுக்குப் பல பெயர் தெரியும். எந்தப் பெயரை எங்கே போடுவது என்பது பாட்டுகளைப் படித்துத்தான் வரும். ரோஜேயின் புத்தகத்துக்கும் அதே விதி.

இதை அவமானப்பட்டுத் தெரிந்துகொண்டேன். உடன் வேலை பார்த்த ஒருவரின் பிரிவு உபசார வாழ்த்தில், எதையும் தெரிந்துகொள்ளத் துடிப்பவர் என்று எழுத நினைத்தேன். 'க்யூரியஸ்' சாதாரணமாகத் தோன்ற, இணைச்சொல் பட்டியலில் இருந்து 'ப்ரையிங்' என்பதை எடுத்துப் போட்டேன். அடுத்தவர் வீட்டு விஷயத்தில் மூக்கை நுழைப்பவர் என்று பொருள். அவர் சிரித்துவிட்டார், நான்தான் நெளிந்தேன். ('நெளிவது' ஆங்கிலத்தில் ஸ்க்வர்ம். அன்றைக்கே அது மனதில் ஒட்டிக்கொண்டது.) நுனிநாக்கில் நின்று வெளியே வராத பழகிய சொல்லைத் தேட நிகண்டைத் திறக்கலாம். அறிமுகமில்லாத சொல்லை அங்கிருந்து நேராக எழுத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

அகராதியில் இரண்டு வகையை எடை போட வேண்டும். கற்பவருக்கான ஆங்கில அகராதிகள் எளிய சொற்களில் விளக்கம் தருபவை. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பியும் கூட்டாளிகளும் தொகுத்தது 1942-இல் தோக்கியோவில் வெளியாகி, பிறகு ஆக்ஸ்ஃபோர்டு அகராதியானது. 1978-இல் வந்த லாங்மன் அகராதி தன் விளக்கங்களைச் சுமார் 2,000 சொற்களுக்குள் அடக்கியது. 1987-இல் கோபில்ட் என்ற அகராதி ஒரு படி மேலே போய், சொல்லை முழு வாக்கியத்தில் வைத்தே பொருள் சொன்னது. எனக்குப் பிடித்தது அதுதான்.

அதற்காக ஆங்கிலம்–தமிழ் அகராதியை ஓரங்கட்டிவிட முடியாது. 'ஸ்மர்க்' என்பதை ஆங்கிலத்தில் விளக்கினால் சுயதிருப்தி, எரிச்சலூட்டும் புன்னகை என்று நீளும். தமிழில் நமட்டுச் சிரிப்பு, முடிந்தது கதை. 'ஒய்ன்' என்றால் சிணுங்கல். இப்படிப்பட்ட ஜோடிகள் அச்சு அகராதியில் எப்போதும் கிடைக்காது, அங்கே 'புலம்பு' என்று பொத்தாம்பொதுவாகப் போட்டிருப்பார்கள். நாமே கண்டுபிடித்து ஓரத்தில் எழுதிக்கொள்ள வேண்டியதுதான். மினுமினு, பளபள, தகதக என்று வளர்ந்த நமக்கு க்ளிம்மர், க்ளீம், க்ளோ என்ற குடும்பம் அவ்வளவு அந்நியமாகவும் தெரிவதில்லை.

கடைசியாக வாசிப்பு. எதை வாசிப்பது என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆங்கிலச் செய்தித்தாள் படித்தால் சொல்வளம் பெருகும் என்று காலங்காலமாகச் சொல்லி வருகிறோம். பெருகும்தான், ஆனால் 'அலெஜ்' (குற்றம்சாட்டுவது), 'ப்ரோப்' (விசாரணை) வகைச் சொற்கள். தோளைக் குலுக்குவது, கண்ணைச் சுருக்குவது, தயங்கி நிற்பது, முழங்கையால் இடிப்பது எல்லாம் கதையில்தான் குடியிருக்கின்றன. பெரியவர்களுக்கான நாவலில் 98 சதவீதச் சொற்கள் புரிய வேண்டுமானால் எட்டாயிரம், ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் (ஒரு சொல்லும் அதிலிருந்து கிளைத்த வடிவங்களும் ஒரு குடும்பம்) தெரிந்திருக்க வேண்டும் என்று மொழியியலாளர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். அதனால் கூச்சப்படாமல் பதின்ம வயதினருக்கான கதையிலிருந்து தொடங்கலாம். வேகம் குறைவு என்பது வாசிப்பின் குறை. ஒரு சொல் மறுபடி எப்போது எதிர்ப்படும் என்று யாருக்கும் தெரியாது. அந்த இடத்தை அட்டை நிரப்புகிறது.

ஆங்கிலத் தொடர்கள் பார்ப்பதைப் பற்றிக் கேட்பீர்கள். பேச்சு வழக்குக்கு அருமை. இந்த வினைச்சொற்களுக்கு மட்டும் ஏமாற்றம்: திரையில் ஒருவர் தோளைக் குலுக்கினால் அதைப் பார்க்கிறோம், 'ஷ்ரக்' என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் ஒரு குறுக்கு வழி இருக்கிறது. காது கேளாதோருக்கான வசன வரியைத் தேர்ந்தெடுங்கள். பேச்சோடு கூட, எழும் ஒலிகளையும் அடைப்புக்குறிக்குள் எழுதிக் காட்டுவார்கள்: சைஸ் (பெருமூச்சு), சக்கிள்ஸ் (மெல்லிய சிரிப்பு), க்ரோன்ஸ் (முனகல்), காஸ்ப்ஸ் (திடுக்கிட்டு மூச்சிழுப்பது), ஸ்காஃப்ஸ் (ஏளனம்). சொல்லும் முகமும் குரலும் ஒரே நொடியில் வருகின்றன. எந்த அகராதியும் இதைத் தராது.

'ஸ்காஃப்' எனக்கு அப்படித்தான் கிடைத்தது. ஒரு காட்சியில் தம்பி தன் புதுத் திட்டத்தைச் சொல்கிறான், அக்கா 'ஹும்' என்று ஏளனமாக மூச்சு விடுகிறாள், கீழே அந்தச் சொல். இரண்டு வாரம் கழித்து ஒரு கதையில் அதே சொல், பின்னால் 'அட்' ஒட்டிக்கொண்டு வந்தது. அன்றிரவு அட்டை எழுதினேன், பின்பக்கத்தில் தமிழில் 'அக்காவின் ஹும்' என்று மட்டும். எழுத்தில் இரண்டு முறை போட்டுவிட்டேன், பேச்சில்தான் இன்னும் வரவில்லை.