ஆண்டு முன்னேற்ற அமர்வு: அரங்கமா, அறையா, போஸ்டரா?

முனைவர் பட்டம் செய்கிறவர் வருடத்துக்கு ஒரு முறையாவது துறையின் முன் வந்து, இதுவரை என்ன செய்தேன், இனி என்ன செய்யப் போகிறேன் என்று சொல்லியாக வேண்டும். எந்த முறையில் சொல்வது என்பதுதான் துறைக்குத் துறை மாறுகிறது. மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் மாதிரியான ஒரு தோட்டப் பட்டணத்தில் இருந்துகொண்டு படிப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. எங்கள் வட்டத்தில் பலர் தமிழ்ப்பள்ளி ஆசிரியர்கள், பகுதிநேர மாணவர்கள். ஒருவர் கோலாலம்பூருக்குப் போகிறார், இன்னொருவர் பினாங்குக்கு, வேறொருவர் தஞ்சோங் மாலிமுக்கு. அமர்வு நெருங்கினால் ஞாயிற்றுக்கிழமை ஒன்றுகூடி, ஒருவர் பேச மற்றவர்கள் கேள்வி கேட்போம். அதனால் எல்லா முறைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடிகிறது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மாணவர் தொடரலாமா என்று தீர்மானிக்கிற கூட்டமும், மாணவர் நாலு பேரிடம் யோசனை கேட்கிற கூட்டமும் ஒன்றாக இருக்கக்கூடாது.

மிகப் பரவலானது அரங்கப் பேச்சு. துறை முழுக்கக் கூடும். இருபது நிமிடம் பேச்சு, பத்து நிமிடம் கேள்வி. இதன் பெரிய பலம், சம்பந்தமே இல்லாத ஒருவர் கேட்கும் கேள்வி. எங்கள் தம்பி ஒருவர் செம்பனையை, அதாவது எண்ணெய்ப் பனையைத் தாக்கும் கனோடெர்மா போனினென்ஸ் என்ற பூஞ்சையை ஆராய்கிறார். அடித்தண்டை அழுகவைக்கும் நோய் அது. வெளியே அறிகுறி தெரியும்போது உள்ளே பாதி அழுகியிருக்கும், அதனால்தான் தோட்டங்களுக்கு இவ்வளவு தலைவலி. நாற்றுக்கு நோயை ஏற்ற, பூஞ்சை வளர்த்த ரப்பர் மரக்கட்டையை வேரோடு ஒட்டிப் புதைத்துவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அவர் பேசி முடித்ததும் புள்ளியியல் பிரிவிலிருந்து வந்த ஒருவர், "மருந்திட்ட நாற்றுப் பைகளை எல்லாம் நிழல்வலையின் ஓரத்திலேயே வரிசையாக வைத்திருக்கிறீர்களே, வெயில் வித்தியாசத்தை எப்படிப் பிரிப்பீர்கள்?" என்று கேட்டார். பைகளை வரிசை கலைத்து வைக்க வேண்டும் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஆய்வை வழிநடத்தும் மேற்பார்வையாளருக்கும் அது தோன்றவில்லை. மூன்று பேர் மட்டும் உட்கார்ந்த அறையில் இந்தக் கேள்வி வந்திருக்குமா என்பது சந்தேகம்.

ஆனால் அதே அரங்கம் மதிப்பெண்ணும் போட்டால் கதை மாறிவிடுகிறது. தொடரலாமா வேண்டாமா என்று எழுதப் போகிறவர்கள் முன்னால் யார் தன் சிக்கலைத் திறந்து வைப்பார்கள்? அந்தத் தம்பிக்கு முதல் வருடம் காட்டுவதற்கு முடிவு என்று எதுவுமே இல்லை, நாற்று மட்டும்தான். அது இந்த ஆய்வின் இயல்பு. அரங்கத்தில் அது தோல்வி மாதிரித் தெரிவதால், மாணவர்கள் படமும் அம்புக்குறியும் போட்டு ஸ்லைடை நிரப்புகிறார்கள். ஒத்திகைகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். இன்னொன்று, மொழி. பேச்சு பெரும்பாலும் ஆங்கிலத்திலோ மலாயிலோ இருக்கும். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் தொடங்கி இவ்வளவு தூரம் வந்த ஒருவருக்கு ஆய்வு சுத்தமாகத் தெரியும், அவசரக் கேள்விக்கு வாய் மட்டும் அரை நொடி தாமதிக்கும். அந்த அரை நொடியைத் தெரியாமை என்று எடுத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இது எனக்கு உண்மையாகவே வலிக்கிறது.

அடுத்தது, எழுத்து அறிக்கையும் சிறு குழுவும். பத்துப் பதினைந்து பக்கம் எழுதி இரண்டு வாரம் முன்பே கொடுத்துவிட வேண்டும். பிறகு ஓர் அறை, மூன்று ஆசிரியர்கள், ஒரு மணி நேரம். தீர்மானிக்கிற வேலைக்கு இதைவிட நல்ல முறை எனக்குத் தெரியவில்லை. எழுத்தில் இருப்பது நிதானமாகப் படிக்கப்படும். சிக்கலைச் சொன்னால் அதைப் பற்றியே பேச நேரம் இருக்கும். முக்கியமாக, கடைசிப் பத்து நிமிடம் மேற்பார்வையாளர் வெளியே போய்விட வேண்டும். மாதக்கணக்கில் வரைவைத் திருப்பித் தராத மேற்பார்வையாளரைப் பற்றி மாணவர் வாய் திறக்கக்கூடிய ஒரே இடம் அதுதான்.

மானுடவியல், வரலாறு பக்கம் போனால் இந்த அறை இன்னும் தேவைப்படுகிறது. 1948 ஜூன் 16 அன்று எங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்டங்களில்தான் மூன்று ஐரோப்பியத் துரைமார் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதையடுத்து, கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிராகப் பிரிட்டிஷ் ஆட்சி அறிவித்த அவசரகாலம் 1960 வரை நீடித்தது. அந்தக் காலத்துத் தோட்ட வாழ்க்கையைப் பெரியவர்களிடம் கேட்டுப் பதிவு செய்கிற டீச்சர் ஒருவர் எங்களோடு இருக்கிறார். பெயர் வராது என்று வாக்குக் கொடுத்துத்தான் அந்தப் பாட்டிமார்களைப் பேசவைத்தார். அரங்கத்தில் லயத்து வீட்டின் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீடு) படம் ஒன்றைப் போட்டாலே போதும், இந்தப் பக்கத்து ஆள் யாராவது இருந்தால் யார் வீடு என்று சொல்லிவிடுவார். அறையில், பெயர் நீக்கிய உரையாடலை மேசைமேல் வைத்து வரி வரியாகப் பேசலாம், எழுந்து வரும்போது திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

இதற்கும் ஓட்டை உண்டு. மூவரும் மேற்பார்வையாளரின் நெருங்கிய சகாக்களாக இருந்தால் அது வெறும் சடங்கு. அறிக்கையைப் படிக்காமல் வந்து அங்கேயே புரட்டுகிறவர்களும் உண்டு. அதனால் ஒருவராவது வேறு துறையிலிருந்து வர வேண்டும், கருத்துகள் எழுத்தில் மாணவர் கைக்கு வர வேண்டும். இந்த இரண்டும் இல்லையென்றால் அரங்கமே மேல்.

போஸ்டர் முறையை நம் ஆட்கள் குறைத்து எடைபோடுகிறார்கள். ஆய்வை ஒரு பெரிய தாளில் போட்டு மாட்டிவிட்டு, ஒரு மதியம் முழுக்க உங்கள் போஸ்டர் பக்கத்தில் நிற்கிறீர்கள், வருகிறவர்களிடம் ஐந்து ஐந்து நிமிடம் பேசுகிறீர்கள். ஒரே கேள்வியை நாலு பேர் கேட்டால் ஓட்டை எங்கே என்று தானாகத் தெரிந்துவிடும். முடிவு இல்லாத முதல் வருடத்துக்கு இது கச்சிதமாகப் பொருந்தும். அந்தத் தம்பியின் போஸ்டரில் பெரிதாக இருந்தது ஒரே படம்: செம்பனையின் அடியில் ஒட்டியிருக்கும் காளான், மேலே வார்னிஷ் பூசினதுபோல் பளபளக்கும் செம்பழுப்பு, ஓரத்தில் வெள்ளைக் கோடு. அதைப் பார்த்து நின்றவர்கள்தான் கேள்வியும் கேட்டார்கள். கூச்சப்படுகிறவர்களுக்கும் அரங்கத்தைவிட இது எளிது. டீச்சரின் ஆய்வு மாதிரி, சொல்லிச் சொல்லி விளங்கவைக்க வேண்டியதற்கு இது சரிப்படாது.

மூன்று நிமிடப் பேச்சை ஆண்டு அமர்வாக வைக்கலாம் என்று சொல்கிறவர்களோடு நான் உடன்படவில்லை. 2008-ல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகம் தொடங்கிய போட்டி அது. ஒரே ஸ்லைடு, நேரம் தாண்டினால் தகுதியிழப்பு. வெளியாருக்குத் தன் ஆய்வைச் சொல்லிப் பழக அருமையானது. முன்னேற்றத்தை அளக்க அதில் இடமே இல்லை.

ஆன்லைனா நேரிலா என்ற கேள்விக்கும் மேலே சொன்ன பிரிவிலேயே பதில் இருக்கிறது. குழு அமர்வு ஆன்லைனில் நன்றாகவே நடக்கும், ஏனென்றால் எல்லோர் கையிலும் அறிக்கை இருக்கிறது. தலைமையாசிரியரிடம் விடுப்புக் கேட்டு, விடியற்காலையில் கிளம்பிக் கோலாலம்பூர் போய் இரவு திரும்புகிற பகுதிநேர மாணவருக்கு அது பெரிய உதவி. அரங்கப் பேச்சோ, கேமராவை அணைத்துவிட்ட பெயர்களைப் பார்த்துப் பேசுவதாக முடிகிறது. வெளியே வந்து காபி குடிக்கும்போது கிடைக்கிற பேச்சும் இல்லாமல் போகிறது.

ஆக, துறை என்னைக் கேட்டால் முதல் வருடம் போஸ்டர், ஒவ்வொரு வருடமும் அறிக்கையும் குழுவும், அரங்கப் பேச்சு ஒரே ஒரு முறை என்று சொல்வேன். தரவு கைக்கு வந்து, எழுதத் தொடங்குவதற்கு முன்னால், தேர்ச்சி தோல்வி எதுவும் இல்லாமல் அந்தப் பேச்சு நடக்கட்டும். நேரில் வரச்சொல்கிற தேதிகள் பள்ளி விடுமுறையில் விழட்டும்.

உங்கள் துறையில் அரங்கம் மட்டும்தான் என்றால், தேதிக்கு ஒரு வாரம் முன்பே மேற்பார்வையாளருக்கும் மதிப்பீட்டாளர்களுக்கும் ஒரே ஒரு பக்கம் அனுப்புங்கள்: எது நடந்தது, எது நின்றுபோயிருக்கிறது, எதில் உங்களுக்கு யோசனை வேண்டும். பேசும்போது கேள்விகளைக் குறித்துக்கொள்ள ஒரு நண்பரைக் கூட்டிக்கொண்டு போங்கள், மேடையில் நிற்கிறவருக்குப் பாதி கேள்வி நினைவில் தங்காது. அன்றிரவே அந்தக் குறிப்பை மேற்பார்வையாளருக்கு மின்னஞ்சலில் அனுப்பி, நான் புரிந்துகொண்டது சரிதானா என்று கேளுங்கள்.