டி-55 ஒன்று, ஸ்கேல் மூன்று: 1/35, 1/48, 1/72 – எதில் கட்டலாம்?

ராணுவ வண்டி மாடல் கட்ட ஆசைப்படுகிறவர்கள் பெரும்பாலும் எந்த டாங்கி என்பதைத்தான் முதலில் முடிவு செய்கிறார்கள். ஸ்கேல், அதாவது அசலை எத்தனை மடங்கு சுருக்குகிறோம் என்ற அளவு (1/35 என்றால் அசலில் 35-இல் ஒரு பங்கு)? கடையில் எது கிடைக்கிறதோ அது. இந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் கருத்து. முதல் வண்டியின் ஸ்கேல்தான் அடுத்தடுத்து வாங்கப்போகும் வண்டிகளின் ஸ்கேலையும் தீர்மானிக்கிறது. 1/35 டாங்கிக்குப் பக்கத்தில் 1/48 டாங்கியை வைத்தால் இரண்டின் அழகும் கெட்டுவிடும்.

பொதுவாகப் பேசினால் பிடிபடாது. ஒரே வண்டியை மூன்று ஸ்கேலிலும் வைத்துப் பார்ப்போம். நான் எடுத்துக்கொள்வது சோவியத் டி-55. உலகத்தில் மிக அதிகமாகத் தயாரான டாங்கிக் குடும்பம் டி-54/55. 1971 போரில் இந்தியத் தரைப்படை இதை ஓட்டியது. இலங்கை ராணுவத்திடமும் இருந்தது. அங்கே வடக்கில் வளர்ந்தவர்களுக்கு இந்த உருவம் தரும் நினைவுகள் வேறு. மாடல் கட்டுபவருக்கு இதில் உள்ள வசதி, மூன்று ஸ்கேலிலும் நல்ல கிட் (கட்ட வேண்டிய பாகங்கள் அடங்கிய பெட்டி) கிடைக்கிறது என்பது.

அசல் வண்டி, பீரங்கிக் குழாயை முன்னால் நீட்டியபடி 9 மீட்டர் நீளம், 3.27 மீட்டர் அகலம். 1/35-இல் இது 25.7 செ.மீ. நீளமும் 9.3 செ.மீ. அகலமும் ஆகிறது. 1/48-இல் 18.8 செ.மீ., 6.8 செ.மீ. 1/72-இல் 12.5 செ.மீ., 4.5 செ.மீ. நீளத்தை மட்டும் பார்த்தால் 35-க்கும் 48-க்கும் பெரிய இடைவெளி இல்லாத மாதிரி தோன்றும். ஆனால் கண் நீளத்தை மட்டும் பார்ப்பதில்லை, மொத்தப் பருமனையும் பார்க்கிறது. பருமனில் 1/35 வண்டி 1/48 வண்டியைப் போல இரண்டரை மடங்கு. 1/72 வண்டியோடு ஒப்பிட்டால் எட்டரை மடங்குக்கும் மேல். பெட்டியைத் திறந்ததும் 'இவ்வளவு சின்னதா!' என்று பலர் அதிர்வது இதனால்தான்.

1/35 எப்படி வந்தது என்பது தெரிந்துகொள்ள வேண்டிய கதை. 1/48 என்பது ஒரு அடிக்குக் கால் அங்குலம். 1/72 என்பது ஆறடிக்கு ஓர் அங்குலம். இரண்டும் கணக்குப் போட்டு வந்தவை. 1/35-க்கு அப்படி எந்தக் கணக்கும் கிடையாது. ஜப்பானின் ஷிசுவோகா நகரத்து டமியா நிறுவனம் 1961-இல் ஜெர்மன் பாந்தர் டாங்கியை ஓடும் பொம்மையாகச் செய்தது. மோட்டாரும் இரண்டு பாட்டரிகளும் உள்ளே அடங்க வேண்டும் என்பதை வைத்து அளவு முடிவானது. பிறகு கணக்குப் பார்த்தால் ஏறக்குறைய 1/35. அந்த வண்டி நன்றாக விற்றது. 1968-இல் டமியா தன் ராணுவ மாடல் வரிசையை அதே அளவில் தொடங்க, மற்ற நிறுவனங்கள் பின்னாலேயே வந்தன. பாட்டரி முடிவு செய்த ஒரு அளவு உலகத்துக்கே வழக்கமாகிவிட்டது.

1/35-இன் உண்மையான பலம் இந்த வரலாற்றில்தான் இருக்கிறது. பெரிதாக இருப்பதால் அது சிறந்தது என்று நான் நினைக்கவில்லை. ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாக எல்லோரும் அந்த அளவில் செய்துகொண்டே வந்ததால், அதில் கிடைக்காத பொருளே இல்லை. டிரைவர் தலையை நீட்டிக்கொண்டிருக்கும் உருவம் வேண்டுமா, எண்ணெய் பீப்பாய் வேண்டுமா, இடிந்த சுவர் வேண்டுமா, கடைசல் போட்ட உலோகக் குழாய் வேண்டுமா, எல்லாம் தனியாக விற்கிறது. டி-55 மட்டுமே எத்தனை விதம்! டமியாவின் டி-55ஏ சில வார இறுதிகளில் நிம்மதியாகக் கட்டி முடிக்கக்கூடிய கிட். பாகங்கள் ஒன்றோடொன்று அழகாகப் பொருந்தும். இன்னொரு பக்கம் உக்ரைனின் மினிஆர்ட், என்ஜினும் உள்ளறையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட பாகங்களோடு டி-55 தருகிறது. இரண்டும் 1/35தான், ஆனால் இரண்டும் ஒரே பொழுதுபோக்கு இல்லை. முதல் வண்டியாக மினிஆர்ட் உள்ளறைக் கிட்டை வாங்கிப் பாதியில் மூடி வைத்தவர்களை எனக்குத் தெரியும். தயவுசெய்து அதில் தொடங்காதீர்கள்.

ட்ராக்கை, அதாவது சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டையைக் கவனியுங்கள். டி-55-இல் மேல் உருளைகள் கிடையாது. ட்ராக்கின் மேல் பகுதி பெரிய சக்கரங்களின் மீதே தொய்ந்து கிடக்கும். பக்கத்துக்கு ஐந்து சக்கரங்கள். முதலாவதுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் மட்டும் இடைவெளி அதிகம். அந்த இடத்தில் ட்ராக் கொஞ்சம் தளர்ந்து இறங்கும். வண்டியின் எடையைக் காட்டுவதே அந்தத் தொய்வுதான். 1/35-இல் இதைக் கொண்டுவர இரண்டு வழி. ஏறக்குறைய 90 இணைப்புகளை ஒவ்வொன்றாகக் கோர்க்கலாம். ஒரு பக்கத்துக்கே ஒரு மாலைப் பொழுது போய்விடும், ஆனால் தொய்வு தானாக வந்துவிடும். இல்லையென்றால் டமியா தரும் வளையும் ஒற்றைப் பட்டை. அது விறைத்துக்கொண்டு சக்கரத்துக்கு மேல் மிதந்தபடி நிற்கும். ஒவ்வொரு சக்கரத்தின் உச்சியிலும் பசை வைத்து, பஞ்சைத் திணித்து அமுக்கி ஒரு ராத்திரி விட வேண்டும். இதைச் செய்யாத டி-55, மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும், பொம்மையாகவே தெரியும்.

டமியாவின் 1/48 டி-55 இந்த இடத்தில் சாமர்த்தியமாக நடந்துகொள்கிறது. மேல் பகுதி தொய்வோடேயே ஒரே நீளத் துண்டாக வார்க்கப்பட்டிருக்கிறது. முன்னும் பின்னும் வளையும் இடத்துக்கு மட்டும் தனித்தனி இணைப்புகள். ஒரு மணி நேரத்தில் இரண்டு பக்கமும் முடிந்துவிடும், தொய்வும் சரியாக இருக்கும். 1/48-இன் குணத்தை இந்த ஒன்றே சொல்லிவிடுகிறது. பாகங்கள் குறைவு, விரலால் பிடிக்க முடியாத துண்டுகளும் குறைவு, ஆனாலும் முடித்து வைத்தால் கிட்டத்தட்ட பெரிய ஸ்கேலின் கம்பீரம் வந்துவிடுகிறது. அதில் நிற்கும் மனிதன் மூன்றரை செ.மீ. உயரம், முகத்தில் கண்ணுக்கு அடியில் நிழல் போட அது போதும்.

இன்னொரு வசதியும் உண்டு. 1/48 விமான மாடல்களின் முக்கியமான அளவு. மிக்-21 ஒன்றை அதே ஸ்கேலில் கட்டினால் சுமார் 30 செ.மீ. வரும். டி-55-ஐ அதன் பக்கத்தில் நிறுத்தி ஒரு விமானதளக் காட்சி அமைக்கலாம். 1/35-இல் அது முடியாது; அந்த அளவில் ஹெலிகாப்டர்கள் உண்டு, போர் விமானங்கள் அபூர்வம்.

இவ்வளவு நல்லதாக இருந்தும் 1/48-ஐ எல்லோருக்கும் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. காரணம் தேர்வுக் குறைவு. எழுபதுகளில் பாண்டாய் இந்த அளவில் நிறையச் செய்தது, பிறகு நின்றுவிட்டது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் டமியா மறுபடி உயிர் கொடுத்தது. அதன் வரிசையில் பெரும்பகுதி இரண்டாம் உலகப் போர்: ஷெர்மன், டி-34, டைகர், பாந்தர். டி-55 போன்ற பிந்தைய வண்டிகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். சென்னைக்குப் பக்கத்தில் ஆவடித் தொழிற்சாலையில் தயாரான டி-72, டி-90 இரண்டையும் கட்ட நினைப்பவர் 1/35-இலும் 1/72-இலும் வேண்டிய அளவு பெட்டிகளைப் பார்ப்பார். 1/48-இல் தேடித் தேடி அலுத்துப்போவார். உருவங்களும் அப்படித்தான். டி-55 காலத்துச் சோவியத் டாங்கிப் படையினர் 1/35-இல் பல பெட்டிகளில் கிடைக்கும்போது, 1/48-இல் உள்ளதை வைத்து வெட்டி ஒட்டிச் சமாளிக்க வேண்டும். தேர்வு மட்டும் சமமாக இருந்திருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு 1/48 என்று சொல்லியிருப்பேன்.

சரி, 1/72.

சின்னது, ஆகவே சுலபம் என்ற எண்ணத்தோடு பலர் இதை வாங்குகிறார்கள். பாதிதான் உண்மை. பாகங்கள் குறைவு, நிஜம். ஆனால் அசலில் 20 மி.மீ. தடிமன் உள்ள ஒரு கைப்பிடிக் கம்பி 1/35-இல் 0.57 மி.மீ., 1/72-இல் 0.28 மி.மீ. அவ்வளவு மெல்லியதாகப் பிளாஸ்டிக்கை வார்ப்பது கடினம். அதனால் சுற்றுக்கோபுரத்தின் கைப்பிடிகள் கிட்டில் தடித்துப்போய்த்தான் வரும், அல்லது மேற்பரப்போடு ஒட்டிய வெறும் வரம்பாக இருக்கும். அதைச் சீவி எடுத்துவிட்டு, கரண்ட் வயரின் உறையைப் பிரித்தால் கிடைக்கும் செம்புக் கம்பியில் ஒரு இழையை வளைத்து ஒட்டினால் அளவு ஏறத்தாழ சரியாக வரும். கண்ணும் கையும் இதற்கு ஒத்துழைக்க வேண்டும். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் தலையில் மாட்டும் பூதக்கண்ணாடி இல்லாமல் 1/72-இல் இறங்க வேண்டாம்.

பெயின்ட் உதிர்வு காட்டுவதிலும் இதே சங்கடம். 1/35 வண்டியில் 1 மி.மீ. புள்ளி வைத்தால் அசலில் அது மூன்றரை செ.மீ. கீறல், நம்பலாம். அதே புள்ளியை 1/72-இல் வைத்தால் ஏழு செ.மீ., உள்ளங்கை அகலத்துக்குப் பெயின்ட் பெயர்ந்த மாதிரி ஆகிவிடும். அந்த அளவில் உதிர்வை விட்டுவிட்டு மெல்லிய வாஷும் (பள்ளங்களில் தங்கும் நீர்த்த பெயின்ட்) தூசியும் மட்டும் போதும். நிறத்தையும் வெளிறச் செய்யுங்கள். டப்பாவில் உள்ள ரஷ்யப் பச்சையை அப்படியே அடித்தால் சின்ன வண்டி கறுத்துப்போய் விவரமெல்லாம் மறைந்துவிடும். சில துளி வெளிர் மஞ்சள் கலந்தால் உயிர் வரும்.

பிறகு ஏன் 1/72? ஒற்றை வண்டிக்காக அல்ல, படைக்காக. இந்திய டாங்கி ஸ்குவாட்ரன் ஒன்றில் 14 வண்டிகள். 1/72 டி-55 பதினான்கை ஏழேழாக இரண்டு வரிசையில் நிறுத்த 45 செ.மீ. நீளமும் 30 செ.மீ. அகலமும் உள்ள பலகை போதும். 1/35-இல் அதைச் செய்தால் சாப்பாட்டு மேஜை முழுக்கப் போய்விடும், பணத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். போரை, படை நகர்வை, ஒரு காலகட்டத்தின் வண்டிகள் அத்தனையையும் வரிசையாகப் பார்க்க விரும்பும் ஆளுக்கு 1/72-ஐ விட்டால் வேறு வழி இல்லை. ட்ரம்பெட்டர், ரெவெல் இரண்டுமே இந்த அளவில் டி-55 வெளியிட்டிருக்கின்றன. ஆனால் 1/72 உருவங்கள் பலவும் வளையும் ரகப் பிளாஸ்டிக்கில் வருபவை. சோப்புத் தண்ணீரில் கழுவாமல், பிரைமர் (அடிப்பூச்சு) அடிக்காமல் பெயின்ட் பூசினால் துப்பாக்கியை லேசாக வளைத்ததுமே உரிந்து வந்துவிடும்.

1/76 பற்றி ஒரு வார்த்தை. ஏர்ஃபிக்ஸ், மேட்ச்பாக்ஸ், ஃபுஜிமி பழைய கிட்டுகள் கையில் இருந்தால் ஆசையாகக் கட்டுங்கள். புதிதாகத் தொடங்க இது இடமில்லை. 1/16-இல் டி-55 அரை மீட்டரைத் தாண்டும். அது வேறு உலகம், வேறு பட்ஜெட்.

நம் ஊர்ச் சூழலையும் கணக்கில் எடுக்க வேண்டும். அடுக்குமாடி வீட்டில் ஸ்ப்ரே அடிக்கத் தனி அறை இருக்காது. 1/72 வண்டியை நல்ல பிரஷ் ஒன்றாலேயே மெல்லிய மூன்று பூச்சில் முடித்துவிடலாம். 1/48-லும் பொறுமை இருந்தால் முடியும். 1/35-இல் கோபுரத்தின் அந்த வழவழப்பான வளைவில் பிரஷ் கோடுகள் பளிச்சென்று தெரியும், ஏர்பிரஷ் (காற்றழுத்தத்தில் பெயின்ட் தெளிக்கும் கருவி) இல்லாமல் திருப்தி வராது. சென்னை மாதிரி ஈரக்காற்று உள்ள ஊரில் மழைக்காலத்தில் லாக்கர் பெயின்ட் அடித்தால் வெள்ளை பூத்துக்கொள்ளும். வெயில் காலத்தில் அக்ரிலிக் பெயின்ட் ஏர்பிரஷ் முனையிலேயே காய்ந்து அடைக்கும். பரப்பு பெரிதாகப் பெரிதாக இந்தத் தொல்லையும் கூடும். பெயின்ட் செலவும் அப்படித்தான்: 1/35 வண்டியின் மேற்பரப்பு 1/72 வண்டியினுடையதைப் போல நான்கு மடங்குக்கும் மேல்.

யாராவது என்னிடம் நேராகக் கேட்டால் இப்படிச் சொல்வேன். இதுவரை எதுவும் கட்டாதவர், இரண்டாம் உலகப் போர் பிடிக்கும் என்றால் 1/48-இல் தொடங்கட்டும். முதல் வண்டியை முடிக்கும் சந்தோஷம் அதில்தான் சீக்கிரம் கிடைக்கும். ஒரு வண்டியின் ஒவ்வொரு மரையையும் நேசிப்பவர், 1945-க்குப் பிந்தைய வண்டிகளை விரும்புபவர், மனிதர்களோடு காட்சி அமைக்க நினைப்பவர், இவர்களெல்லாம் 1/35-க்குப் போகலாம், தயங்க வேண்டாம்.

இந்திய டி-55 கட்ட விரும்புபவருக்கும் என் பதில் 1/35தான். எதிரில் நின்ற பாகிஸ்தானிய டைப் 59 சீனத் தயாரிப்பு, டி-54-இன் வழிவந்தது, பார்க்க அச்சு அசல் அதே உருவம். சொந்த வண்டியை அடையாளம் காண இந்தியர்கள் குழாயின் நடுவில் ஒரு போலிப் புகை வெளியேற்றியை (சுட்டபின் குழாயில் தங்கும் புகையை வெளித்தள்ளும் உருளை மாதிரித் தோன்றும் ஒன்றை) பொருத்தினார்கள். 1971 வண்டியைச் செய்கிறவர் அந்த உருளையைத் தானே உருவாக்க வேண்டும். 1/35-இல் பிளாஸ்டிக் குழாய் ஒன்றை அறுத்து, இரண்டு முனையையும் சாய்வாக ராவி மாட்டிவிடலாம். 1/72-இல் குழாயைச் சுற்றி டேப் சுற்றி, அதன்மேல் புட்டி தடவித் தேய்க்க வேண்டும். நடுக்கோட்டிலிருந்து இம்மியளவு விலகினாலும் தெரியும். அப்புறம் வண்டி எண். இந்தியத் தரைப்படை எண்கள் மேல்நோக்கிய அம்புக்குறியோடு தொடங்குபவை. சாதாரண பிரின்டரில் வெள்ளை எழுத்து அச்சாகாது, ஆகவே வீட்டில் டிகால் (தண்ணீரில் நனைத்து ஒட்டும் அச்சு) போட முடியாது. அசலில் 10 செ.மீ. உயரமுள்ள எழுத்து 1/35-இல் கிட்டத்தட்ட 3 மி.மீ.; 00 பிரஷை வைத்துக் கையாலேயே எழுதிவிடலாம். 1/72-இல் அது ஒன்றரை மி.மீ.கூட வராது. அங்கே எண்ணைச் சேற்றுப் பூச்சில் பாதி மறைத்துவிடுவதுதான் வழி.