மை போட்டவர் யார் என்று பார்த்து வாங்குங்கள்

பழைய அமெரிக்க காமிக்ஸைக் கறுப்பு வெள்ளையில் தொகுத்து வெளியிட்ட மார்வெல் நிறுவனத்தின் 'எஸென்ஷியல்' வரிசையும் டிசி நிறுவனத்தின் 'ஷோகேஸ் பிரசென்ட்ஸ்' வரிசையும் என் அலமாரியில் இரண்டு தட்டுகளை அடைத்துக்கொண்டு பல வருடங்கள் ஆகின்றன. ஒவ்வொன்றும் தலையணை சைஸ். 500 பக்கங்களுக்கு மேல், சாணித்தாளுக்கு ஒரு படி மேலான தாள், மெல்லிய அட்டை, உள்ளே ஒரு துளி வண்ணம் கிடையாது. 1960களிலும் 70களிலும் மாதாமாதம் வெளிவந்த இருபது, இருபத்தைந்து இதழ்கள் ஒரே புத்தகத்துக்குள் அடங்கிவிடும்.

மார்வெல் இதை 1996இல் தொடங்கியது. டிசி 2005இல்தான் களத்தில் இறங்கியது. ஷோகேஸ் வரிசையில் வந்த முதல் சூப்பர்மேன் தொகுதியின் விலை பத்து டாலருக்கும் ஒரு சென்ட் குறைவு. அதே காலத்துக் கதைகளைக் கெட்டி அட்டையில், வண்ணத்தில் வாங்குவதென்றால் ஐம்பது டாலர் அளவுக்கு ஆகும். அதிலும் பத்து இதழ்கள் இருந்தாலே அதிகம். நானும் விலைக்காகத்தான் வாங்கத் தொடங்கினேன். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஆனால் இத்தனை வருடம் புரட்டிய பிறகு எனக்கு உறுதியாகியிருப்பது வேறொன்று. இவற்றில் சில தொகுதிகள் வண்ணப் பதிப்பைவிட மேலானவை; சில, இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம் என்று சொல்லத்தக்கவை. எது எந்தப் பக்கம் என்பதை அட்டையில் இருக்கும் நாயகன் தீர்மானிப்பதில்லை. மை போட்டவர் தீர்மானிக்கிறார்.

அமெரிக்க காமிக்ஸில் ஒருவர் பென்சிலில் வரைவார், இன்னொருவர் அதன் மேல் மையால் கோடு இழுப்பார், வண்ணம் மூன்றாமவர் வேலை. பென்சில்காரரின் பெயர்தான் வெளியே பேசப்படும். இதைப் புரிந்துகொள்ள எஸென்ஷியல் 'ஃபென்டாஸ்டிக் ஃபோர்' மூன்றாம் தொகுதியைவிட நல்ல பாடப்புத்தகம் இல்லை. அதில் 41ஆம் இதழ் முதல் 63 வரை இருக்கின்றன. எல்லாமே ஜாக் கிர்பி பென்சில். ஆனால் 41 முதல் 43 வரை மை போட்டவர் வின்ஸ் கொல்லெட்டா. முடியிழை போன்ற கோடுகள், பின்னணி பாதி காணாமல் போயிருக்கும். காலக்கெடுவைப் பிடிப்பதற்காகப் பின்னணி உருவங்களை அழித்துவிடுவார் என்ற புகார் அவர் மேல் இன்றுவரை உண்டு. 44ஆம் இதழில் ஜோ சின்னாட் வருகிறார். பக்கத்தைத் திருப்பியதும் வித்தியாசம் தெரிகிறது. கோடு தடிக்கிறது, இயந்திரங்களில் உலோகப் பளபளப்பு ஏறுகிறது, கல்லால் ஆன திங் பாத்திரத்தின் உடம்பில் ஒவ்வொரு கல்லும் தனித்தனியாக நிற்கிறது. 48 முதல் 50 வரையிலான, உலகங்களை விழுங்கும் கலாக்டஸ் வரும் கதையில், வானத்தை நிறைக்கும் அந்தக் கரும்புள்ளிக் கூட்டங்களை வண்ணமில்லாமல் பார்க்க வேண்டும். வண்ணப் பதிப்பில் இந்த மை மாற்றத்தை நான் கவனித்ததே இல்லை. சிவப்பும் நீலமும் சேர்ந்து அதை மூடி மறைத்துவிடுகின்றன.

நம் ஊர் வாசகர்களுக்கு இங்கே ஓர் எச்சரிக்கை தேவைப்படுகிறது. இரும்புக்கை மாயாவியையும் ஸ்பைடரையும் (சிலந்தி மனிதனை அல்ல, அந்தக் குற்றச் சக்கரவர்த்தியை) முத்து, லயன் காமிக்ஸ்களில் படித்து வளர்ந்தவர்களுக்குக் கறுப்பு வெள்ளை ஒன்றும் புதிதில்லை. ஆனால் அவை பிரிட்டிஷ் வார இதழ்களில் கறுப்பு வெள்ளைக்காகவே வரையப்பட்டவை. மாயாவியை வரைந்த ஹெசூஸ் பிளாஸ்கோ, நிழலையும் வெளிச்சத்தையும் தானே கோடுகளால் போட்டு முடித்துவிடுவார். பிறகு யாரும் வந்து நிரப்பத் தேவையில்லை. அமெரிக்கப் பக்கங்கள் அப்படியல்ல. வானம், சுவர், உடை எல்லாவற்றிலும் வண்ணக்காரருக்கு இடம் விட்டு வரையப்பட்டவை அவை. வண்ணத்தை எடுத்துவிட்டால், அந்த இடம் வெறும் இடமாகவே கிடக்கும். டிசியின் 1960களின் தொடக்கக்காலச் சூப்பர்மேன் தொகுதிகளில் பல பக்கங்கள் குழந்தைகளுக்கான வண்ணம் தீட்டும் புத்தகத்தைப் போலவே இருக்கின்றன. (ஸ்பைடர் கதைகளில் பெரும்பாலானவற்றை எழுதியவர் சூப்பர்மேனை உருவாக்கிய இருவரில் ஒருவரான ஜெரி சீகல் என்பது இந்த இடத்தில் ஓர் உபரித் தகவல்.)

கதையே வண்ணத்தை நம்பியிருந்தால் வேடிக்கை இன்னும் கூடும். கிரீன் லான்டர்ன் என்ற நாயகனின் பச்சை மோதிரம் மஞ்சள் நிறப் பொருள்களிடம் பலிக்காது. 'ஷோகேஸ்' தொகுதியில் பச்சையும் இல்லை, மஞ்சளும் இல்லை. எதிரே வரும் ஏவுகணை மஞ்சளா இல்லையா என்பது நாயகன் வாயைத் திறந்து புலம்பும்போதுதான் நமக்குத் தெரியும். அந்தக் காலத்துப் பாத்திரங்கள் நடப்பதையெல்லாம் உரக்கச் சொல்லிக்கொண்டே நடப்பவர்கள் என்பதால் பிழைத்தோம். ஃப்ளாஷ் தொடரின் 139ஆம் இதழில், 1963இல், ரிவர்ஸ் ஃப்ளாஷ் என்ற வில்லன் அறிமுகமாகிறான். ஃப்ளாஷின் உடைதான், சிவப்பு இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சள், அவ்வளவே வித்தியாசம். கறுப்பு வெள்ளையில் ஒரே உடை போட்ட இருவர் ஒருவரையொருவர் துரத்துகிறார்கள்; யார் யாரை அடித்தார்கள் என்று வசனத்தை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கிறது. சூப்பர்மேனின் கிரிப்டனைட் கற்களிலும் இதே கதைதான்: பச்சை, சிவப்பு, பொன்னிறம் என்று வகைக்கு ஒரு விளைவு, படத்தில் எல்லாம் ஒரே கல். இதற்கு நேர்மாறாக ஹல்க் ரசிகர்கள் தப்பித்தார்கள். 1962இல் முதல் இதழில் சாம்பல் நிறத்தில் வந்த ஹல்க், அந்தச் சாம்பல் அச்சில் ஒரே சீராக விழாததால் இரண்டாம் இதழிலேயே பச்சையானவர். எஸென்ஷியலில் அவர் நிறமே மாறவில்லை!

ஸ்பைடர்மேனுக்கு வருகிறேன். எஸென்ஷியல் இரண்டாம் தொகுதியில் இருக்கும் 33ஆம் இதழின் முதல் ஐந்து பக்கங்களுக்காகவே அந்தப் புத்தகத்தை வாங்கலாம். கடலடித் தளம் ஒன்றில் பீட்டர் ஒரு பெரும் இயந்திரத்தின் கீழே நசுங்கிக் கிடக்கிறான். மேலே விரிசலிலிருந்து தண்ணீர் கொட்டுகிறது. மே அத்தையின் உயிரைக் காக்கும் மருந்துக் குப்பி கைக்கெட்டாத தூரத்தில் கிடக்கிறது. ஸ்டீவ் டிட்கோ இங்கே பென்சில், மை இரண்டையும் தானே போட்டவர். அவன் மேலே அழுத்தும் இரும்பு முழுக் கறுப்பு. தண்ணீர் மட்டும் வெள்ளைக் கீற்றுகளாக விழுகிறது. முதலில் சின்னச் சின்னக் கட்டங்கள். அவன் முதுகை ஓர் அங்குலம் உயர்த்த உயர்த்தக் கட்டமும் பெரிதாகிக்கொண்டே வருகிறது. ஐந்தாம் பக்கம் முழுவதும் ஒரே படமாகி, இயந்திரம் தலைக்கு மேலே எழும்புகிறது. வண்ணத்தில் சிவப்பு உடைதான் முதலில் கண்ணை இழுக்கும். இங்கே எடைதான் முதலில் தெரிகிறது.

டிட்கோவின் இன்னொரு தொடரான டாக்டர் ஸ்ட்ரேஞ்சில் இந்த அதிர்ஷ்டம் பாதிதான். வேற்றுலகக் காட்சிகளில் எது பாதை, எது வெளி என்று பிரித்துக்காட்டும் வேலையை வண்ணம் செய்துகொண்டிருந்தது. அது போனதும் கண் தடுமாறுகிறது. ஓவியர் ஸ்டெராங்கோவின் உளவாளித் தொடரான நிக் ஃப்யூரிக்கும் இதையே சொல்வேன். அவர் வண்ணத்தையும் சேர்த்தே யோசித்தவர். இருவரையும் வண்ணத்தில் வாசியுங்கள்.

ஒரே ஒரு தொகுதிதான் வாங்க முடியும் என்றால் எது என்று கேட்டால், யோசிக்காமல் 'டூம் ஆஃப் டிராகுலா' (டிராகுலாவின் கல்லறை) முதல் தொகுதி என்பேன். சூப்பர்ஹீரோ கதை இல்லையென்றாலும் அதே மார்வெல் உலகம்தான். 1972இல் தொடங்கி 70 இதழ்கள் ஓடியது. அத்தனையும் ஜீன் கோலன் பென்சில். கோலனின் பென்சில் கோடுகளாக இருக்காது, சாம்பல் பூச்சாக இருக்கும். அதை மையாக மாற்றுவது பெரும்பாடு. டாம் பால்மர் அதைச் செய்தார். புள்ளிகள் அச்சிட்ட ஒட்டுத்தாள்களை வெட்டி ஒட்டி, தூரிகையால் இழுத்து, மூடுபனிக்கே நாலைந்து தரம் கொண்டுவந்தார். இந்தத் தொகுப்பில் அவ்வளவும் தெரிகிறது. மூன் நைட் தொகுதிகளையும் சொல்ல வேண்டும். நாயகனே கறுப்பும் வெள்ளையும். அதன் ஓவியர் பில் சின்கெவிச் பிறர் பாணியில் தொடங்கி, இதழுக்கு இதழ் தன் கையைக் கண்டுபிடித்துக்கொள்வதைப் பக்கம் பக்கமாகப் பார்க்கலாம். டிசி பக்கம் ஜோ கியூபர்ட் வரைந்த 'எனிமி ஏஸ்', பிறகு 'ஹவுஸ் ஆஃப் மிஸ்டரி'. பின்னதில் ஆல்ஃபிரெடோ அல்காலா போன்ற பிலிப்பைன்ஸ் ஓவியர்கள் வருகிறார்கள். அவர்கள் தங்கள் நாட்டுக் கறுப்பு வெள்ளைக் காமிக்ஸில் கை பழகியவர்கள். அல்காலா ஒரு மரத்துக்குப் போடும் கோடுகளை வேறொருவர் முழுப் பக்கத்துக்கும் போடமாட்டார். அமெரிக்காவில் அதன் மேல் வண்ணம் கொட்டி மூழ்கடித்தார்கள்.

குறைகள் இல்லாமல் இல்லை. புத்தகம் தடிமன் என்பதால் நடுப்பகுதி விரியாது. முதுகை ஒட்டிய பேச்சு பலூன்களில் கடைசி எழுத்தைத் தேட வேண்டும். அழுத்தி விரித்தால் பசை விடும். சென்னை வெயிலில் என்னிடமிருக்கும் ஒரு பிரதியின் முதுகு இரண்டாகப் பிளந்துவிட்டது. தாளின் ஓரம் பழுப்பேறுகிறது, அது எதிர்பார்த்ததுதான். மூல அச்சு நல்லதாகக் கிடைக்காத இதழ்களில் மெல்லிய கோடுகள் உடைந்தும் கறுப்பு திட்டுத்திட்டாகவும் இருக்கும். வாசகர் கடிதப் பக்கங்கள் பெரும்பாலும் இல்லை. எனக்கு அது பெரிய இழப்பு. உரிமச் சிக்கலால் இதழ்கள் விடுபட்டிருப்பதும் உண்டு. 'பவர் மேன் அண்ட் அயர்ன் ஃபிஸ்ட்' முதல் தொகுதியில் 72க்குப் பிறகு 74 வருகிறது. ரோம் என்ற பொம்மை நிறுவனப் பாத்திரம் 73இல் வந்துபோனதால் அதைச் சேர்க்க முடியவில்லை.

இன்னொரு குறை புத்தகத்தினுடையது அல்ல, வாசிக்கும் முறையினுடையது. மாதம் ஒன்றாகப் படிக்க எழுதப்பட்ட கதைகளை ஒரே மூச்சில் படித்தால் திகட்டும். ஒவ்வொரு இதழிலும் முன்கதை, ஒவ்வொரு இதழிலும் அதே சக்திகளின் விளக்கம். நான் இரவில் ஓர் இதழ், இருபது பக்கம், அதற்கு மேல் போவதில்லை.

எஸென்ஷியல் 2013 வாக்கிலேயே நின்றுவிட்டது, ஷோகேஸும் சில வருடங்களில் ஓய்ந்தது. மார்வெலின் 'எபிக் கலெக்‌ஷன்' இப்போது வண்ணத்தில் கிடைக்கிறது, விலையும் எட்டாக்கனி அல்ல. ஆனால் பழைய வண்ணங்கள் மையை உறிஞ்சும் மலிவுத் தாளுக்காகப் போடப்பட்டவை. மூன்று மைகளை நாலு அளவுகளில் கலந்து மொத்தம் 64 நிறங்கள். அவற்றை அப்படியே வெள்ளை வெளேரென்ற தாளில் அடிக்கும்போது கண் கூசுகிறது. எனக்கு அது ஒத்துவரவில்லை; வண்ணத்தை விரும்புகிறவர்களோடு நான் சண்டைக்குப் போகவும் மாட்டேன்.

ஆகவே இனிப் பழைய பிரதிகள்தான் வழி. அட்டை மடங்கியிருந்தால் பொருட்படுத்தாதீர்கள். முதுகைக் கையில் வைத்து நடுப்பக்கத்தை மெல்லத் திறந்து, பசை முறுகும் சத்தம் கேட்கிறதா என்று பாருங்கள், கேட்டால் வைத்துவிடுங்கள். இணையத்தில் வாங்கினால் முதுகின் படத்தையும் ஓர் உள்பக்கத்தின் படத்தையும் கேளுங்கள். கோடு உடைந்திருக்கிறதா என்பது அந்த ஒரு பக்கத்திலேயே தெரிந்துவிடும்.