பழைய பெட்ரோல் ஜீப்பில் டிஐ இன்ஜின்: 15 வருடம் ஓட்டிய கணக்கு

களக்காட்டுப் பக்கம் எங்களுக்கு வாழைத் தோட்டம். அப்பா காலத்து மகிந்திரா ஜீப் ஒன்று உண்டு. பின்சீட்டை எடுத்துவிட்டுப் பிக்கப் பெட்டி கட்டிய வண்டி. வாழைத்தார் ஏற்றிக்கொண்டு நாங்குநேரி வழியாகத் திருநெல்வேலி டவுன் நயினார்குளம் சந்தைக்குப் போய்வருவது அதில்தான். அதிலிருந்த 2199 சிசி ஹரிக்கேன் பெட்ரோல் இன்ஜினை இறக்கிவிட்டு, 2009-ல் மகிந்திராவின் 2523 சிசி டிஐ (டைரக்ட் இன்ஜெக்ஷன், டீசலை நேராகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் வகை) டீசல் இன்ஜினை ஏற்றினேன். இன்றும் அதே இன்ஜின்தான் ஓடுகிறது.

பெட்ரோல் இன்ஜின் மேல் எனக்குக் கோபம் கிடையாது. சுகமாக ஓடும், சத்தமே இருக்காது. ஆனால் பாரம் ஏற்றினால் லிட்டருக்கு 6 கிலோமீட்டர் கூடத் தராது. புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு மேலே ஹெட்டில் இல்லாமல் இன்ஜின் பிளாக்கிலேயே உட்கார்ந்திருக்கும். அது கருகும்போதெல்லாம் பட்டறையில் ஒரு வாரம் போகும். மூன்றாவது முறை கருகியபோது பொறுமை போய்விட்டது.

அப்போது கையில் கிடைத்தவை இரண்டு. ஒன்று 2112 சிசி பெஜோ இன்ஜின், மற்றது டிஐ. பெஜோ கொஞ்சம் மென்மையானது, ஆனால் காலையில் ஹீட்டர் போட்டுக் காத்திருந்துதான் ஸ்டார்ட் செய்ய வேண்டும். டிஐ முரடு. டிராக்டர் வம்சம், குணமும் அப்படித்தான். சாமான் எங்கும் கிடைக்கும், டிராக்டர் பார்க்கிற எந்த மெக்கானிக்கும் பயமில்லாமல் பிரிப்பார் என்பதால் டிஐ எடுத்தேன். அந்த முடிவில் இன்றுவரை வருத்தமில்லை.

வேலையை எடுத்துக்கொண்ட அண்ணாச்சி முதல் நாளே சொன்னார்: "இன்ஜின் மாத்துத சோலி ரெண்டு நாளு, தம்பி. மத்ததுக்குத்தான் ஒரு மாசம் ஆவும், பாத்துக்கிடுங்க." ஆளை இழுத்தடிக்கப் பேசுகிறார் என்று நினைத்தேன். ஐந்து வாரம் ஆனது.

இன்ஜினோடு அதன் நாலு கியர் பாக்ஸையும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இழுவையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸையும் சேர்த்தே, உடைக்கப் போட்ட ஒரு பழைய வண்டியிலிருந்து வாங்கியிருந்தோம். பழைய மூணு கியர் பெட்டியோடு இதை இணைக்க அடாப்டர் கடைந்து நேரத்தை வீணாக்கவில்லை. அது நல்ல யோசனை. செட்டாக வாங்காதவர்கள் கிளட்சிலேயே நொந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். ஆனால் கியர் பெட்டியின் நீளம் மாறியதால், அங்கிருந்து அச்சுகளுக்குப் போகும் ஜாயிண்ட் ஷாஃப்ட் இரண்டையும் லேத்தில் கொடுத்து அளவு மாற்றிப் பேலன்ஸ் பார்க்க வேண்டியிருந்தது. இன்ஜின் உட்காரும் மவுண்டிங் புதிதாக வெல்டிங். ஃபேன் ரேடியேட்டரை இடித்ததால் ரேடியேட்டரை முன்னால் தள்ளி, கனமான கோர் போட்டோம். இன்ஜின் எடையில் முன்பக்கம் படுத்துவிட்டது, ஸ்பிரிங் பட்டைக்கு ஒரு பிளேட் கூட்டினோம். ஸ்டியரிங் கனத்ததற்கு மட்டும் மருந்தில்லை. என் தோள்தான் பழகிக்கொண்டது. இன்ஜின் செட் 55,000 ரூபாய், எல்லாம் முடிந்தபோது 92,000.

யாரும் சொல்லாத ஒன்று வைப்பர். அந்தக் கால ஜீப்பில் வைப்பர் இன்ஜின் காற்றை இழுக்கும் வாக்குவத்தில் (உறிஞ்சு விசையில்) ஓடுவது. டீசல் இன்ஜினில் காற்று வழியை அடைக்கும் த்ராட்டில் கிடையாது, அதனால் வாக்குவமும் கிடையாது. முதல் ஐப்பசி மழையில் நாங்குநேரி தாண்டி வைப்பரைத் திருப்பினால் அசையவே இல்லை. தலையை வெளியே நீட்டிக்கொண்டே வீடு வந்து சேர்ந்தேன். மறுநாள் எலக்ட்ரிக் மோட்டார். அதே கையோடு வாக்குவம் பம்ப் உள்ள ஆல்டர்நேட்டர் மாட்டி, பிரேக்குக்குப் பூஸ்டரும் வைத்தேன். இன்ஜினைப் பெரிதாக்கிவிட்டுப் பிரேக்கை அப்படியே விடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

அப்புறம் சாவி. பெட்ரோல் வண்டியில் சாவியைத் திருப்பினால் தீப்பொறி நின்று இன்ஜினும் நிற்கும். இதில் டீசல் போவதை நிறுத்த ஸ்டாப்பர் கேபிளை இழுக்க வேண்டும். என் தம்பி சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டு, "வண்டி நிக்க மாட்டேங்குது"ன்னு களத்தில் கத்திக்கொண்டு ஓடியதை இன்னும் கல்யாண வீடுகளில் சொல்லிச் சிரிக்கிறார்கள்.

என்னை அதிகம் படுத்தியது பின் அச்சின் பல்சக்கரங்கள் இருக்கும் ஹவுசிங்தான். பழைய ஜீப்பின் கிரவுன் பினியன் 43-க்கு 8 பல், அதாவது 5.38: சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 5.38 சுற்று சுற்ற வேண்டும். பெட்ரோல் இன்ஜினுக்கு அது சரி. எங்கள் டயர் அளவுக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் இன்ஜின் நிமிடத்துக்கு 2400 சுற்று சுற்றும். டிஐக்கு அந்தச் சுற்றில் பாட்டு கூடிவிடும். நான்குவழிச் சாலையில் லாரிகள் எல்லாம் என்னைத் தாண்டிப் போக, நான் காது அடைத்துப்போய் வந்துகொண்டிருப்பேன். இரண்டு வருடம் தேடி 39-க்கு 8 பல் உள்ள செட் கிடைத்தது. 4.88. இப்போது அதே 60-ல் 2200-க்குள் அடங்குகிறது. பின்னால் மட்டும் மாற்றினால் போதும் என்று சிலர் சொன்னார்கள். கேட்காதீர்கள். ஃபோர் வீல் போட்ட உடனே முன் அச்சும் பின் அச்சும் ஆளுக்கொரு வேகத்தில் இழுத்து ஏதாவது ஒன்று உடையும். இரண்டையும் மாற்றினேன். அதோடு ஸ்பீடாமீட்டரும் பொய் சொல்லத் தொடங்கியது. இப்போது நம்புவது, தெரிந்த வழியின் தூரத்தையும் ஊற்றிய டீசலையும் எழுதும் டீசல் நோட்டைத்தான்.

அந்த நோட்டின்படி பாரத்தோடு லிட்டருக்கு 11, காலியாக 13. போட்ட பணம் மூன்று வருடத்துக்குள் திரும்பிவிட்டது. ஆனால் அதில் இன்ஜினுக்கு மட்டும் பெருமை சேர்க்க முடியாது. 2012-ல் பெட்ரோலுக்கும் டீசலுக்கும் இடைவெளி லிட்டருக்கு 30 ரூபாயைத் தாண்டி நின்றது. 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு எடுக்கப்பட்டது. இப்போது வித்தியாசம் 10 ரூபாய்க்குள். இன்றைய விலைக்கு, வருடத்தில் சில ஆயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவர் மைலேஜுக்காக இதைச் செய்தால் கையைச் சுட்டுக்கொள்வார்.

இழுவை வேறு கதை. தண்ணீர் பாய்ச்சிய வயலிலிருந்து முழுப் பாரத்தோடு ஆக்சிலரேட்டர் மிதிக்காமலே ஊர்ந்து ஏறும். பெட்ரோலில் அந்த இடத்தில் கிளட்சைக் கருக்கித்தான் வெளியே வருவோம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஊரைச் சுற்றி முழங்காலுக்கு மேல் தண்ணீர் நின்றபோதும் ஓடியது. பெட்ரோல் இன்ஜின் போல நனைந்து அணைய, தீப்பொறிக்கான டிஸ்ட்ரிபியூட்டர் இதில் இல்லையே. அதற்காகத் துணிந்துவிடக் கூடாது. ஏர் கிளீனர் வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் கனெக்டிங் ராடு வளைந்துவிடும். பானட்டைத் தொடும் தண்ணீரில் நான் இறங்கவில்லை.

செலவு என்று பார்த்தால் கிளட்ச் பிளேட் இரண்டு முறை, டீசலைப் பீய்ச்சும் நாசில் மூன்று முறை, டீசல் பம்ப் சர்வீஸ் ஒரு முறை. பணகுடிப் பக்கம் ஃபேன் பெல்ட் அறுந்ததைக் கவனிக்காமல் ஓட்டி ஹெட் கேஸ்கட் போனது என் தப்பு. பழைய டெம்பரேச்சர் மீட்டர் புது இன்ஜினோடு ஒத்துவராது என்று தெரிந்தும் மாற்றாமல் விட்டிருந்தேன். அதிர்வுக்குப் பலியானவை தனி: சைலன்சர் கிளாம்ப், கண்ணாடி, ஹெட்லைட் பல்பு. வருடத்துக்கு ஒன்றாவது கழன்று விழும்.

காகித வேலையைக் கடைசிக்கு விடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவு இந்த மாதிரி மாற்றங்களைப் பற்றியது. ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் முதலிலேயே கேட்டு, அனுமதி கிடைத்தால் மட்டும் இன்ஜினை இறக்குங்கள். இன்ஜின் வாங்கிய பில் கையில் இருக்கட்டும். ஆர்.சி.யில் புது இன்ஜின் எண்ணும் டீசல் என்பதும் ஏறாவிட்டால் எஃப்.சி. என்கிற தகுதிச் சான்று எடுக்கும்போது மாட்டிக்கொள்வீர்கள், விபத்தென்றால் இன்சூரன்ஸும் கைவிடும்.

இப்போது இன்ஜினின் பின்பக்க ஆயில் சீல் கசிகிறது. தை அறுவடை முடிந்ததும் கியர் பெட்டியை இறக்க வேண்டும். அண்ணாச்சி பட்டறையை மகனிடம் கொடுத்துவிட்டார், ஆனாலும் இந்த வண்டி வருகிறது என்றால் நாற்காலியை வெளியே போட்டு உட்கார்ந்துவிடுவார்.